மேலேறாத இரண்டு பக்கங்கள்

வெள்ளிக்கிழமை, இரவு.

எழுத்துகள் இன்றும் வரியை விட்டு இறங்குகின்றன. மன்னித்துக்கொள், நோட்டே.

நான் எழுதப் படிக்கக் கற்கும் முதியோர் வகுப்பின் இணைய இதழுக்கு கடலைப் பற்றி ஒன்றும் என் மனைவியைப் பற்றி ஒன்றுமாக எழுதிய இரண்டு பக்கங்களையும், சிறுசேரி வேலையிலிருந்து வந்த மருமகள் செல்வி போட்டோ எடுத்து அனுப்பப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றது. இன்றுதான் கடைசி நாள்.

"படம் ரொம்ப பெருசா கீது மாமா. ஏற மாட்டேங்குது."

அலை தாண்டாத படகிலிருந்து பாரத்தைத்தானே இறக்குவோம்? "கடலப் பத்தின பக்கத்த எடுத்துடும்மா. அத்தையப் பத்தினது மட்டும் போவட்டும்" என்றேன்.

சிரித்தாள். "எதையும் இறக்க வாணாம் மாமா. படத்தச் சுருக்கினா போதும்."

சுருக்கினாள். இரண்டும் ஏறிவிட்டன.

படிக்கத் தெரியாத என் மனைவி திரையருகே குனிந்தாள். "எம் பேரு எங்க கீது?"

விரல் வைத்துக் காட்டினேன்.

"இத்தினூண்டாவா எழுதுவ?"

அடுத்த வாரம் ஒரு பக்கம் முழுக்க அவள் பெயரை மட்டும் எழுதுவேன்.