மடை திறக்காத கோடை

தாயி,

காலையில் காற்று மேற்கேயிருந்து வந்தது. பக்கத்து ஊர்க் கண்மாயில் இன்றைக்கு மீன்பிடி. முதலில் கலங்கிய சேற்றின் வாசம். வெயில் ஏற ஏறப் புளி கொதிக்கிற வாசமும் அதோடு சேர்ந்துகொண்டது. ஒரு ஊரே ஒரே நேரத்தில் மீன் குழம்பு வைத்தால் காற்றுக்கே ஒரு கனம் வந்துவிடுகிறது. கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தேன். தூக்கமா விழிப்பா என்று எனக்கே தெரியவில்லை. அந்தக் கனத்துக்குள்ளிருந்து நீ நடந்து வந்தாய். கண்மாய்க் கரைமேல், முந்தானையை இடுப்பில் செருகி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. ஊராட்சித் தலைவராக வந்த பிறகும் நீ கரையில் செருப்போடு நடந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நீ தலைவர், நான் வார்டு உறுப்பினர். மற்றவர்கள் கையெழுத்துப் போடுகிற இடத்தில் நான் ரேகை வைப்பேன். இப்போதும் நான் எழுதவில்லை. மருமகள் போனில் எதையோ அமுக்கி என் முன்னால் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் பேசப் பேச அது எழுதிக்கொள்கிறதாம். யாருக்கு மாமா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேனோ. கூட்டத்தில் உன்னை ‘தலைவரம்மா, நீங்க’ என்பேன். படி இறங்கிவிட்டால் ‘தாயி, நீ’. உனக்கு நான் உள்ளேயும் வெளியேயும் ‘அண்ணே’தான்.

புதுக்கோட்டையில் பயிற்சி என்று கூப்பிட்டார்களே, அந்த நாளும் எனக்குக் கனவு மாதிரியே நிற்கிறது. உன் வீட்டுக்காரர் கடையை விட்டு நகரமாட்டார், துணைக்கு நான் வந்தேன். வெளியே அக்கினி வெயில், கூடத்துக்குள்ளே மார்கழிக் குளிர். பாதிப் பெண் தலைவர்களுக்குப் பக்கத்தில் அவரவர் வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். என்னையும் அந்தக் கணக்கில் சேர்த்து, ஒரு பெரிய காகிதக் கட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார் ஒருவர். அது தலைவரம்மாவுக்குங்க, நான் குளிர்ச்சியாத் தூங்க வந்தவன் என்றேன். நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய்.

சுவரில் படம் மாறிக்கொண்டே இருந்தது. பருவம் தப்பிப் போவதைப் பற்றி ஒருவர் பேசினார். தெருவுக்குத் தெரு கேமரா வைத்தால் பெண்களுக்குப் பாதுகாப்பு என்று ஒருவர். பெண்பிள்ளைகள் படிப்பை நிறுத்தக்கூடாது என்று ஒரு அம்மா. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு இளவட்டம். குறை சொல்ல முடியாது, எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். திரும்பி வரும்போது பஸ் வல்லத்திராக்கோட்டையைத் தாண்டியதும் நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: “அவங்களுக்கு ஒவ்வொன்னும் தனித்தனிண்ணே. ஆளுக்கு ஒன்னப் பேசிட்டு உக்காந்துட்டாங்க. நமக்கு எல்லாம் ஒரே கெணத்துக்குள்ளதான கெடக்கு.”

எந்தக் கிணறு என்று நான் கேட்கவில்லை. நம் கண்மாய்க்குள்ளேயே இருக்கிறதே, ஊருக்கே குடிதண்ணீர் தருகிற கிணறு, அதுதான். நீ தலைவராக வருவதற்கு முந்தி ஒரு கோடையில் அது வற்றிப்போனது. மீன்பிடிக்காக மடையைத் திறந்து கண்மாயை வடித்துவிட்ட வருடம். கண்மாயில் தண்ணீர் இல்லையென்றால் கிணற்றுக்கு ஊற்று எங்கிருந்து வரும்? மீன் தின்ற கை காய்வதற்குள் குழாய் காய்ந்துவிட்டது. நம் பெண்பிள்ளைகள் சைக்கிளில் குடங்களைக் கட்டிக்கொண்டு தைலமரக்காட்டு வழியாக அடுத்த ஊருக்குத் தண்ணீருக்குப் போனார்கள். காட்டுக்குள் குடித்துவிட்டுக் கிடந்த எவனோ ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தான். அதற்குப் பிறகு தாய்மார்கள் வேலையை விட்டுவிட்டுத் துணைக்குப் போனார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். மழை வந்து குழாயில் தண்ணீர் திரும்பியபோது, படிப்புக்குத் திரும்பாத பிள்ளைகளும் இருந்தார்கள். அதில் ஒருத்தி உன் நாத்தனார் மகள்.

அதனால்தான், உன் காலத்தில் மறுபடியும் மழை குறைந்து, மாசி முடியும்போது கண்மாயில் மார்பளவு தண்ணீர் மட்டும் கிடந்த அந்த வருடம், நீ தினமும் கரைக்குப் போனாய். அந்தத் தண்ணீரை நீ பார்த்தது, தூங்குகிற பிள்ளையைத் தாய் பார்க்கிற மாதிரி இருக்கும். எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக நடப்பாய். சாயங்கால வெளிச்சம் விழுந்து தண்ணீர் முழுக்கப் பித்தளை நிறத்தில் இருக்கும். நாரைகள் நின்ற இடத்திலேயே நிற்கும். நானும் பின்னால் வருவேன்.

கெடுத்தது என் மகன்தான். கத்தாரில் இருக்கிறவனுக்கு ஊர் நினைப்பு வந்துவிட்டது. யாரும் கூடிப் பேசவில்லை, நாள் குறிக்கவில்லை. பங்குனி இரண்டாவது ஞாயிறு நம்ம கண்மாயில் மீன்பிடி, எல்லாரும் வாங்க என்று போனில் இளவட்டங்களின் குழுவில் அவனாகப் போட்டுவிட்டான். அவன் அங்கே படுத்துத் தூங்கி எழுவதற்குள் அது கந்தர்வக்கோட்டை வரைக்கும் போய்விட்டது. நம் பக்கத்து வழக்கம் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மீன்பிடிக்கு அழைத்தால் அழைத்ததுதான். எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் யாரும் வந்து இறங்கலாம். பிடித்த மீனை யாரும் விற்கக் கூடாது. கலியாணத்தைக்கூடத் தள்ளி வைப்பார்கள், இதைத் தள்ளி வைத்தால் சுத்துப்பட்டில் தலைகாட்ட முடியாது.

கூட்டம் கூடியது. மீன்பிடி நடக்க வேண்டும் என்பதில் பேச்சில்லை. மடையைத் திறந்து முழங்கால் தண்ணீருக்கு வடிப்பதா என்பதுதான் பேச்சு. முழங்கால் தண்ணீரில்தான் ஊத்தா போட முடியும். அது அடியில்லாத கூடை. மீன்மேல் கவிழ்த்து, மேல் வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். மார்பளவு தண்ணீரில் அது உதவாது. வயசானவர்கள், சாமிக்கு முன்னால் முறையாக மீன்பிடி நடந்தால்தான் அடுத்த மழை இறங்கும் என்றார்கள். வயசுப் பிள்ளைகள் போனை நீட்டி, இந்த வருடம் கோடை மழை கூடுதலாம், பாருங்க என்றார்கள். சாமியும் போனும் சண்டை போடும் என்று நினைத்திருந்தேன். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து மடையைத் திற என்றன.

“அறிவியலே சொல்லுது தலைவரம்மா, இன்னும் என்ன ரோசனை?” என்றார் என் பங்காளி. அவரும் உறுப்பினர்.

நீ குரலை உயர்த்தவில்லை. “பெய்யும்னு சொல்லுது. சரி. நம்ம கண்மாய்க்குள்ள பெய்யும்னு சொல்லலயே. பெய்யாமப் போனா அந்தப் போனு வந்து தைலமரக்காட்டு வழியா கொடம் தூக்குமா?”

உறுப்பினர்களைக் கை தூக்கச் சொன்னாய். மேசைக்கு அடியில் பங்காளி என் முழங்காலை அமுக்கினார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமாக இருந்தது, நான் மட்டும் பாக்கி. நீ என்னைப் பார்க்கவேயில்லை, ஜன்னல் வழியாக எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன் பக்கம் தூக்கினேன். மீன்பிடி உண்டு, மடை திறப்பு இல்லை என்று முடிவானது. பங்காளி வீட்டில் அதற்கப்புறம் எனக்குக் காப்பி கிடையாது.

மீன்பிடிக்கு முந்தின நாள் பகல் முழுக்க நீ மடைக் கல்லில் உட்கார்ந்திருந்தாய். காவலுக்கு உட்கார்ந்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாய். மடையைத் திறக்கலாம் என்று வந்தவர்கள் உன்னைப் பார்த்துவிட்டு, சும்மா காத்தாட வந்தோம் என்று சொல்லிப் போனார்கள். ஒவ்வொருவரிடமும் பிள்ளைகளை விசாரித்தாய்.

மறுநாள் விடியலை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கண்மாய் முழுக்கப் பனி. கரை நெடுக ஜனம், பின்னால் சாய்ந்து நிற்கும் பைக்குகள், தலைக்கு மேலே ஊத்தாக்கள். சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசியதும் அத்தனை பேரும் ஒரே மூச்சில் இறங்கினார்கள். கொஞ்ச தூரம் போனதும் சத்தம் அடங்கிவிட்டது. பனிக்குள் மார்பளவு தண்ணீரில், கூடைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் மனிதர்கள் நின்றார்கள். வேறெந்த உலகத்துக்கோ இந்தக் கரையிலிருந்து வழி போகிறதோ என்று தோன்றியது. மீன்கள் அவர்கள் காலிடுக்கில் சுகமாகப் போய் வந்தன.

கந்தர்வக்கோட்டைக்காரர் ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார். “ஏங்க, மீன் பிடிக்கக் கூப்பிட்டீங்களா, குளிக்கக் கூப்பிட்டீங்களா?”

கரையில் நின்ற நீ சொன்னாய்: “இறங்கினது இறங்கிட்டீங்க, நல்லாக் குளிச்சிட்டுப் போங்கண்ணே. அடுத்த வாட்டி மீனுக்கும் சேத்துச் சொல்லிவிடுறேன்.”

தண்ணீருக்குள் சிரிப்பு பரவியது. வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். நம் ஊர் சிரிக்கவில்லை. அன்றைக்கு எந்த அடுப்பிலும் மீன் வேகவில்லை. ஊரை அழைத்து வெறும் இலை போட்டோம் என்று தெருவில் பேசினார்கள். என் வீட்டிலும் அன்றைக்கு ரசம்தான். என் சம்சாரம் தட்டை வைத்த வேகத்திலேயே உன்மேல் அவளுக்கிருந்த கோபம் தெரிந்தது.

கோடை மழை வரவில்லை. போன் சொன்ன மேகம் வேறெங்கோ போய் இறங்கிவிட்டது. தலைவரம்மா மீன்பிடியைக் குறையாக நடத்தினதால் சாமிக்குக் கோபம் என்றார்கள். குழாயடியில் குடத்தை வைத்து, தண்ணீர் நிரம்ப நிரம்ப, அங்கேயே நின்று உன்னைத் திட்டினார்கள். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருத்திக்கும் தோன்றவில்லை. ஐப்பசி மழை வரும்வரை குழாய் நிற்கவில்லை.

ஒரு நாள் கரையில் நின்று என்னிடம் கேட்டாய்: “கெணறு வத்தியிருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். வத்தாமப் போனத எப்படிண்ணே காட்டுறது?”

விடு தாயி என்றேன். அதற்குப் பிறகு தேர்தல் வந்தது, நீ தோற்றாய். உன் தெருவிலேயே உனக்கு ஓட்டு விழவில்லை என்றார்கள். நோவு வந்து, தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பினாய். பார்க்க வந்தபோது பேச்சு குறைந்திருந்தது. தண்ணி வருதாண்ணே என்று மட்டும் கேட்டாய். வருது என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய். நீ போய்ச் சேர்ந்த பிறகு, கண்மாய்த் தண்ணீரில் வெயில் பட்டு ஆடும்போதெல்லாம் நீ அந்தப் பக்கத்திலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருப்பதாகத் தோன்றும்.

மத்தியானம் இப்போதைய தலைவர் வந்தான். சின்ன வயசு, நல்ல பிள்ளை. பக்கத்து ஊர் வாசத்தில் நம் ஊருக்கும் நாக்கு ஊறிவிட்டதாம். மடையைத் திறக்கச் சொல்லி நெருக்குகிறார்களாம். போனிலும் மழை காட்டுகிறதாம். நாளைக்குக் கூட்டம். உன்னோடு உட்கார்ந்த உறுப்பினர்களில் இன்றைக்கு மிச்சம் நான் மட்டும்தான்.

“அய்யா, அன்னக்கி நீங்க கை தூக்கினது சரிதானா?” என்று கேட்டான்.

தெரியல தம்பி என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதுதான் உண்மையும்கூட. மடையைத் திறந்திருந்தாலும் கிணறு தாங்கியிருக்குமோ என்னவோ, யார் கண்டது? ஆனால் அவன் முகம், பதிலுக்குக் காத்திருந்த அந்த நேரம், உன் முகமாகவே இருந்தது தாயி. அப்போதுதான் எனக்குள் எங்கோ கிடந்த ஒன்று மெல்ல மேலே வந்தது.

அந்தக் கோடையில், பரீட்சை நாட்களில், காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எதிரே பஸ் நிற்கிற புளியமரத்தடியில் நம் பெண்பிள்ளைகள் வந்து நிற்பார்கள். புத்தகத்தை விரித்து, உதட்டை அசைத்துப் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் கையில் குடமில்லை. அத்தனை பேருக்கும் தலை ஈரம். வீட்டுக் குழாயில் தண்ணீர் பிடித்துத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, அவசரமாகப் பின்னிக்கொண்டு வந்த பிள்ளைகள். பின்னலிலிருந்து தண்ணீர் சொட்டி, வெள்ளைச் சட்டையின் முதுகில் நீளமாக ஒரு தடம் இறங்கியிருக்கும். ஊரே உன்னைத் திட்டிக்கொண்டிருந்த அந்த நாட்களில் நான் தினமும் அதைப் பார்த்தேன். பார்த்தது இன்னதென்று அப்போது தெரியவில்லை.

அதை அவனிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து போனான். நாளைக்கு அவன் என்ன செய்வானோ, அது அவன் பாடு. நீ கேட்டதற்கு என்னிடம் உள்ளது அவ்வளவுதான் தாயி. வெயில் ஏறுவதற்கு முன், ஈர முதுகோடு பஸ் ஏறிப் போகிற பிள்ளைகள்.