ஆறு மாத்திரைகள்

இன்று காலை, கிருமி வளர்க்கும் தட்டுகள் இருக்கிற இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது. புளித்துப்போன எதுவோ ஒன்றும் கழிவறையும் கலந்தது போன்ற சூடான வாடை. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் ஒன்பது வருடமாக வேலை செய்கிற எனக்கு அது பழகிவிட்டது. உனக்குத்தான் பழகவே இல்லை. நான் வீட்டுக்குள் நுழையும்போதே, "உன் மேல கிருமி நாத்தம் வருதுடி, மொதல்ல குளிச்சிட்டு வா" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாய். கோட்டையும் கையுறையையும் அங்கேயே கழற்றிவிட்டுத்தான் வருகிறேன் என்று எத்தனை முறை சொன்னாலும் நம்பமாட்டாய்.

இன்றைய தட்டு யாரோ ஒரு பெரியவருடையது. வயிற்றில் சீழ் கட்டி, அறுவை செய்து எடுத்து அனுப்பியது. பார்த்ததுமே உன்னுடைய தட்டு நினைவுக்கு வந்தது. வார்டுக்கு ஃபோன் செய்து சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். அதை நேராகச் சொல்ல வாய் வரவில்லை. முதலிலிருந்து வருகிறேன்.

லேக் கார்டன்ஸ் ஸ்டேஷன் பக்கத்து வீட்டின் மாடியில் நாம் மூன்று வருடம் சேர்ந்து இருந்தோம். நான் கரக்பூர் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள்; என் தமிழைவிட என் வங்காளம் நன்றாக இருக்கும். நீ மன்னார்குடியிலிருந்து நியூ டவுன் கம்பெனிக்கு நேராக வந்து இறங்கியவள். சித்தி முறை வைத்து நாம் காகிமா என்று கூப்பிட்ட கீழ்வீட்டு அம்மாவிடம் நீ பேசிய முதல் வங்காள வாக்கியம் "காகிமா, ஜொல் நேய்". தண்ணீர் வரவில்லை என்பதை அவ்வளவு சோகமாகச் சொல்லி யாரும் கேட்டதில்லை என்று காகிமா இன்றும் சொல்வார். நான் எழுதுகிற மளிகைப் பட்டியலில் ஒற்றெழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டுத்தான் கடைக்குப் போவாய். இந்தக் கடிதத்திலும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொள்.

அந்த ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை காலை, தொப்புளைச் சுற்றி வலிக்கிறது, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றாய். முந்தின நாள் சாயங்காலம் இருவரும் ஸ்டேஷன் வாசலில், நீ பானிபூரி என்றே சொல்கிற புச்கா சாப்பிட்டிருந்தோம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. உனக்கு மட்டும் ஆகியிருக்கிறது என்று நினைத்தேன்.

"டாக்டரைப் பாத்துட்டு ஆபீஸ் போயேன்" என்றேன்.

"போனா ஸ்கேன் எடு, ரத்தம் குடுன்னு ஒரு நாள் போயிடும். வெள்ளிக்கிழமை எங்க சாஃப்ட்வேர் கோ-லைவ். அது முடியட்டும், சனிக்கிழமை போறேன்."

நீ மாத்திரை கேட்கவில்லை. இது எனக்கு மிக நன்றாக நினைவிருக்கிறது. நீ வெந்நீர்தான் கேட்டாய். நானாகத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு மூலையிலிருந்த மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் "பேட் காராப்?" என்று கேட்டார். ஆமாம், வயிறு சரியில்லை என்றேன். சீட்டு எதுவும் கேட்கவில்லை. பேதிக்கு எல்லோரும் வாங்குகிற ஆன்டிபயாடிக் ஒரு பட்டையில் பத்து இருக்கும். கத்தரியால் ஆறை வெட்டிக் கொடுத்தார். கூடவே வலிக்கு நாலு. ஆய்வகத்தில் கிருமி ஒரு மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்றால் அறிக்கையில் அந்த மருந்தின் பெயருக்கு நேராக 'ஆர்' என்று எழுதுவோம். அந்த ஆறு மாத்திரையின் பெயருக்கு நேராக நான் அநேகமாக தினமும் 'ஆர்' எழுதுகிறேன். அப்படியும் வாங்கினேன். உன்னை வேலைக்கு அனுப்பிவிட்டு நானும் என் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான் காரணம்.

வியாழக்கிழமை வலி குறைந்திருந்தது. வெள்ளிக்கிழமை உன் கோ-லைவ் முடிந்தது. வலது பக்கம் கீழே பிடித்துக்கொண்டு கொஞ்சம் குனிந்து நடந்தாய். கேட்டதற்கு, நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்த பிடிப்பு என்றாய். நானும் அப்படியே விட்டுவிட்டேன். சனிக்கிழமை காய்ச்சல். டாக்டரிடம் போகலாம் என்றதற்கு, "இன்னிக்கு ஒரு நாள் தூங்கவிடு" என்றாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அறைக் கதவைத் தட்டி, "வலி சுத்தமா போயிடுச்சுடி" என்றாய். முகம் தெளிந்திருந்தது. காபி கேட்டாய். போட்டுக் கொடுத்தேன். மாத்திரை வேலை செய்துவிட்டது என்று எனக்குள் பெருமைகூட வந்தது.

அது குடல்வால் வெடித்ததால் வந்த தெளிவு என்று மருத்துவமனையில் சொன்னார்கள். உள்ளே அழுத்தம் போனதும் கொஞ்ச நேரம் வலி விடுமாம். மதியத்துக்குள் உன் வயிறு பலகையாக இறுகிவிட்டது. நானும் காகிமாவும் உன்னைக் காரில் படுக்கவைத்து, என் ஆய்வகம் இருக்கிற மருத்துவமனைக்கே கொண்டு போனோம். ஒவ்வொரு வேகத்தடையிலும் காகிமா ஓட்டுநரைத் திட்டிக்கொண்டே வந்தார். நீ சத்தமே போடவில்லை. என் விரல்களைப் பிடித்திருந்தாய், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே அறுவை. வயிறு முழுக்கச் சீழ் பரவியிருந்தது. கழுவி, குழாய் வைத்து மூடினார்கள். எடுத்த சீழ் எங்கள் ஆய்வகத்துக்கே வந்தது. திங்கட்கிழமை காலை என் மேசையில் உன் பெயர் எழுதிய தட்டு இருந்தது. இளஞ்சிவப்பில் கிருமி கொழகொழவென்று வளர்ந்திருந்தது. எங்கள் சீனியர் சுபர்ணாதி, "நீ தொடாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். நானே செய்கிறேன் என்றேன். அந்தக் கிருமியை இன்னொரு தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த சின்ன வில்லைகளை அதன் மேல் வரிசையாக வைத்தேன். மருந்து வேலை செய்தால் மறுநாள் வில்லையைச் சுற்றி ஒன்றும் வளராமல் வட்டமாக வெறுமை தெரியும். அந்த வட்டத்தை ஸ்கேல் வைத்து அளப்போம்.

செவ்வாய்க்கிழமை தட்டை எடுத்து, பழக்கத்தில் ஸ்கேலையும் எடுத்துவிட்டேன். அளக்க எதுவும் இல்லை. ஒவ்வொரு வில்லையின் விளிம்பு வரையிலும் கிருமி பாய் விரித்த மாதிரி வளர்ந்திருந்தது. உனக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஏறிக்கொண்டிருந்த மெரோபெனம், நாங்கள் பெரிய மருந்து என்று சொல்வது, அதற்கும் அப்படித்தான். சுபர்ணாதி என் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டு, தானே அறுவை மருத்துவருக்கு ஃபோன் செய்தார். அந்தத் தட்டில் வைக்காத இரண்டு மருந்துகள்தான் மிச்சம் இருந்தன. அதில் ஒன்று சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

அன்று மதியம் ஐசியுவில் உன்னைப் பார்க்க ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். மூக்கில் குழாய் இருந்தாலும் நன்றாகப் பேசினாய்.

"உன் தட்டுல என்ன வந்துச்சு?"

"மருந்து இருக்குடி."

"எத்தனை?"

"ரெண்டு."

"ஒண்ணு போதும் எனக்கு" என்றாய். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நீ மாத்திரை வாங்கிக் குடுத்தத அம்மாகிட்ட சொல்லாத. அவங்களுக்கு விவரம் புரியாது. உன்னத் திட்டுவாங்க. நானே அப்புறமா சொல்லிக்கிறேன்" என்றாய்.

சரி என்றேன்.

உன் அம்மா முந்தின நாளே வந்திருந்தார். சத்துணவுக் கூடத்துச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, முதல் முறையாக விமானம் ஏறி, ஒரு துணிப்பையோடு வெளியே வந்தார். அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். மருத்துவமனையில் அவருக்குக் காது, வாய் எல்லாம் நான்தான். காலையில் நர்ஸ் சொல்வதிலிருந்து கேன்டீனில் தோசை கிடைக்குமா என்பது வரை என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

புதன்கிழமை அறுவை மருத்துவர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனிதர். உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தே, நிறுத்தி நிறுத்தி வங்காளத்தில் பேசினார். நான் தமிழில் சொல்லவேண்டும். கிருமி மருந்துக்கு அடங்கவில்லை என்றார், சொன்னேன். மருந்தை மாற்றியிருக்கிறோம், சிறுநீரகத்தைக் கவனிக்கவேண்டும் என்றார், சொன்னேன். பிறகு, "இவள் வலி வந்த அன்றே வந்திருந்தால் சின்ன அறுவையோடு போயிருக்கும். கடையில் வாங்கிப் போட்ட மாத்திரைகள் வலியை அமுக்கிவிட்டன. நாலு நாள் வீணாகிவிட்டது" என்றார்.

உன் அம்மா என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லேட்டா தெரிஞ்சிருக்காம்மா. இது சில பேருக்கு அப்படித்தான் இருக்குமாம்" என்றேன்.

உனக்குக் கொடுத்த வாக்குக்காக அப்படிச் சொன்னேன் என்று பல மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது உன் வாக்கு என் நினைவிலேயே இல்லை. உன் அம்மா என்னை எப்படிப் பார்ப்பார் என்ற பயம் மட்டும்தான் இருந்தது. இதுதான் உண்மை.

அதற்குப் பிறகு நடந்தது பாதிதான் உனக்குத் தெரிந்திருக்கும். வயிற்றில் மறுபடி சீழ் கட்டியது. இரண்டாவது முறை திறந்தார்கள். காய்ச்சல் இறங்கிய இரண்டு நாளில் சிறுநீர் குறைய ஆரம்பித்தது, டயாலிசிஸ் வைத்தார்கள். அப்புறம் ரத்தத்திலும் அதே கிருமி வளர்ந்தது. அந்தத் தட்டையும் நான் பார்த்தேன். பதினேழாம் நாள் காலை பத்து மணிக்கு, நான் ஆய்வகத்தில் இருந்தபோது, ஐசியுவிலிருந்து கூப்பிட்டார்கள். நான் மேலே போவதற்குள் முடிந்திருந்தது. உன் அம்மா அழவில்லை. உன் காலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியை நகத்தால் மெதுவாகப் பிரித்துக்கொண்டிருந்தார். "பசை போகமாட்டேங்குது" என்றார் என்னிடம்.

பின்னால் ஒரு நாள் அந்த மருத்துவரைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன். அந்த ஆறு மாத்திரையால்தான் கிருமி அப்படி ஆனதா என்று. அப்படிச் சொல்லமுடியாது என்றார். அது முன்பிருந்தே உன் குடலில் இருந்திருக்கலாம். தண்ணீரில், சாப்பாட்டில், எங்கிருந்தும் வந்திருக்கலாம். இந்த ஊரில் எத்தனையோ பேர் வயிற்றில் அது சும்மா இருக்கிறது. "ஆனால் அந்த நாலு நாள்" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நானும் படித்தவள்தான். அவர் நிறுத்திய இடத்திலிருந்து மீதியை எனக்கே சொல்லிக்கொள்ளத் தெரியும்.

இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். உன் அறையில் யாரையும் வைக்கவில்லை. போன மாதம் காகிமா வயிற்று வலி என்று மேலே வந்து, "நீ லேப்பில் இருப்பவள்தானே, ஏதாவது மாத்திரை கொடு" என்று கேட்டார். கொடுக்கமாட்டேன் என்றேன். நான் சொன்ன தொனியில் அவர் பயந்தே போனார். கையோடு கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். வெறும் வாயுதான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

உன் அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் என்னைக் கூப்பிடுவார். ஊரில் எல்லோரிடமும், கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்த்திருக்கமாட்டாள் என்று என்னைப் பற்றிச் சொல்வாராம். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் வேறு பேச்சை எடுப்பேன். உன் வருட நாள் முடிந்த வாரம் கூப்பிட்டவர், "அவளுக்குன்னு எடுத்த பட்டு ஒண்ணு அப்படியே கெடக்கு. நீ கட்டுனா அவ கட்டுன மாதிரி. நேத்து பார்சல் போட்டுட்டேன்" என்றார்.

என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். புதன்கிழமையில் ஆரம்பித்து, கடை, ஆறு மாத்திரை, காபி எல்லாம்.

முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவ கேட்டாளா, நீயா வாங்கிட்டு வந்தியா?" என்றார்.

"அவ கேக்கல அம்மா. நானாத்தான்."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியும். அன்னைக்கு உங்க முன்னாடிதான் சொன்னார். நான்தான் உங்களுக்கு மாத்தி சொல்லிட்டேன்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியல" என்றார். அவர் குரல் உயரவே இல்லை. "இந்த ஒரு வருசமா எம் பொண்ணத்தான் மனசுக்குள்ள திட்டிக்கிட்டிருந்தேன். உடம்பு முடியலன்னா ஒரு வார்த்த சொல்லக்கூடாதா, இப்படி அசட்டையா இருந்துட்டாளேன்னு." கடைசியாகச் சொன்னார்: "இனிமே நீ கூப்பிடாத. எனக்குத் தோணுச்சுன்னா நானே கூப்பிடுறேன்."

சரி அம்மா என்றேன். இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. இன்னும் அவருக்குத் தோணவில்லை.

நீ சொல்லாதே என்றாய்; நான் சொல்லிவிட்டேன். உன்னிடம் இதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. செத்த பிறகும் நீ அவரிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாய்; அது நின்றிருக்கிறது. திட்டு சேரவேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறது.

பார்சல் மூன்றாம் நாளே வந்துவிட்டது. உன் அம்மாவின் கையெழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலும் என் பெயர். பிரிக்கவில்லை, என் துணிகளோடு அலமாரியில் இருக்கிறது. துணியெடுக்கக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அதை ஓரமாக நகர்த்திவிட்டுத்தான் எடுக்கிறேன். வைத்துக்கொள்ளட்டுமா, திருப்பி அனுப்பட்டுமா என்று அவரிடம்தான் கேட்கவேண்டும். கூப்பிடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.