கிரீஸ் தடவிய தண்டு

அன்புள்ள அம்மா,

இன்று காலை பட்டறையில் விளக்கைப் போட்டதும் முதலில் ஒரு ஜீப்பின் அடியில் படுத்து, ஷாக் அப்சார்பரின் தண்டில் கீறல் இருக்கிறதா என்று நகத்தை ஓட்டிப் பார்த்தேன். உன் முழங்காலை விசாரிக்கும் முன் இதைச் சொல்கிறேனே என்று கோபிக்காதே. வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன்.

மலைக்கு ஆட்களை ஏற்றிப்போகும் வண்டி அது. துருப்பிடிக்கக் கூடாதென்று டிரைவர் தினமும் தண்டுக்குக் கிரீஸ் தடவியிருக்கிறார்.

"குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற மாதிரி பாத்துக்கிட்டேன் அக்கா!"

"தேச்சுட்டு மணல்ல உருட்டி விட்டுட்டீங்களே தம்பி!"

அவரே சிரித்துவிட்டார். கிரீஸில் ஒட்டிய மணல், உள்ளே இருக்கும் ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான 'சீல்' என்பதைக் கிழித்து, தண்டையும் கீறிவிட்டது. கீறலெல்லாம் துரு. புது சீல் போட்டாலும் கிழிந்து ஆயில் ஒழுகும். இறக்கத்தில் வண்டி கட்டுக்கடங்காமல் துள்ளும். சோதித்தவள் என்று நான் கையெழுத்திட்டால்தான் வண்டி வெளியே போகும்.

"சீல் மட்டும் மாத்தினா போதும்மா. நாளைக்கு வண்டி கிளம்பணும், கையெழுத்தப் போடு" என்கிறார் முதலாளி. கவலைப்படாதே, சண்டையெல்லாம் இல்லை.

உன் பழைய பருத்திப் புடவை ஒன்று அனுப்பு. தண்டு துடைக்க இங்கே மெத்தென்ற துணி கிடைப்பதில்லை. துவைத்து அனுப்ப வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்.

கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். வேலை போனாலும் போகட்டும், நாளை நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. இங்கே யாரிடமும் இன்னும் சொல்லவில்லை.

உன் மகள்