பச்சைப் பொட்டு டப்பா, சிவப்புப் பொட்டு டப்பா

என் ஆசை ஸ்டெல்லாவுக்கு,

சுமதி எழுதுகிறேன். பதினோரு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். அப்போதெல்லாம் நான் உனக்கு எழுதியது “பேன்ட்ரிக்கு வர்றியா?” என்கிற ஒற்றை வரி மெசேஜ்தான். நீயும் பதில் எழுதமாட்டாய், எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவாய். இப்போது கடிதமே எழுத வேண்டியிருக்கிறது. கிறிஸ்துமஸ் முடிந்து நாலு நாள் ஆகிறது. உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாத ஒரு சேதி இருக்கிறது. சொல்லி முடித்தபின் உன்னோடு ஒரு சண்டையும் இருக்கிறது.

முதலில் ஆபீஸ் கதை. உன் இடத்துக்கு சேலத்துப் பெண் ஒருத்தி வந்திருக்கிறாள். அந்த நாற்காலியின் ஆடுகிற கைப்பிடியை இன்னும் யாரும் சரிசெய்யவில்லை, அவளும் உன்னைப் போலவே அதைத் திட்டிக்கொண்டே வேலை செய்கிறாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் இந்த வருஷம் குளிர் கொஞ்சம் அதிகம். பேன்ட்ரி மிஷினில் ஹாட் சாக்லேட் பட்டனை ஒருவழியாக ரிப்பேர் செய்துவிட்டார்கள். முன்பெல்லாம் அழுத்தினால் நிறம் மாறிய வெந்நீர் வருமே, இப்போது நிஜமாகவே சாக்லேட் வருகிறது.

எல்லாம் அந்த மிஷினில்தானே ஆரம்பித்தது. ஒரு டிசம்பர் சாயங்காலம், பேப்பர் கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “இத அப்பிடியே பிஸ்கத்தாக்கினா எப்பிடி இருக்கும் சுமி?” என்று கேட்டாய். குடிக்கிறதை எப்படியடி கடிப்பது என்று நான் சிரித்தேன். அடுத்த திங்கட்கிழமை நீ டப்பாவோடு வந்து நின்றாய். கோகோவும் டிரிங்கிங் சாக்லேட் பவுடரும் கலந்த கறுத்த குக்கீ. மேலே பாதியாக வெட்டிய மார்ஷ்மெல்லோ உருகி, ஓரம் லேசாகச் சிவந்திருந்தது. மிஷின் சாக்லேட்டைவிட அது எவ்வளவோ மேல். அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் உன் கிறிஸ்துமஸ் பலகாரங்களான கல்கல், ரோஸ் குக்கீ வரிசையில் அதுவும் சேர்ந்துகொண்டது.

எங்கள் வீட்டில் முட்டை ஏறாது. ஆரணியில் நான் பிறந்த வீட்டிலும் கிடையாது, வாழ வந்த வீட்டிலும் கிடையாது. அதனால் நீ இரண்டு டப்பா கொண்டு வருவாய். மூடியில் பச்சை ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியது எனக்கு, முட்டை போடாதது. சிவப்புப் பொட்டு ஒட்டியது மற்ற எல்லோருக்கும், உன் வீட்டுக்கும் அதே. மார்ஷ்மெல்லோவில்கூட சைவம் அசைவம் உண்டு என்று எனக்கு உன்னால்தான் தெரியும். கடையில் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று தேடுவாய். நம் டீமில் சிலர் சிவப்பு டப்பாவிலிருந்து எடுத்து, “முட்டை போட்டாதான் இந்த டேஸ்ட் வரும்” என்று எனக்குக் காட்டிக் காட்டித் தின்பார்கள். நீ ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டு நிற்பாய்.

மார்ச்சில் நீ போய்விட்டாய். அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. நீயும் நானும் அங்கேதான் இருந்தோம்.

உனக்குப் பிறகு உன் வீட்டுக்கும் எனக்கும் நடுவே என்ன மிச்சம் என்று எனக்குத் தெரியவில்லை, ஸ்டெல்லா. முதல் இரண்டு மாதம் அடிக்கடி நீலசந்திராவில் உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணன் “வாங்கம்மா, உக்காருங்க” என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவார். நீ இருந்தபோது அவர் எனக்கு நாற்காலி போட்டதே கிடையாது, நானே போய் உன் கட்டிலில் உட்கார்ந்துகொள்வேன். உன் மகள் ரீனா காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். அப்புறம் நான் அனுப்புகிற மெசேஜுக்கெல்லாம் கட்டைவிரல் படம் மட்டும் பதிலாக வந்தது.

அவளைக் குறை சொல்லவில்லை. காலேஜ் இரண்டாம் வருஷம், வீட்டு வேலை, அப்பாவைப் பார்த்துக்கொள்வது, எல்லாம் அவள் தலையில். ஆனால் நீ இல்லாத வீட்டுக்கு நான் யார்? அம்மாவின் ஆபீஸ் ஆன்ட்டி. அம்மாவே இல்லாதபோது அந்த ஆன்ட்டிக்கு அங்கே என்ன வேலை? இப்படியே விட்டால் இன்னும் ஒரு வருஷத்தில் தெருவில் பார்த்தால் சிரிக்கிற பழக்கமாகச் சுருங்கிவிடுமோ என்று பயந்தேன். உன் பெண்ணை நான் தூக்கி வளர்த்தேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் பத்தாவது பரீட்சைக்கு உன்னைவிட நான்தான் அதிகம் நகம் கடித்தேன், உனக்கே தெரியும்.

டிசம்பர் வந்தது. துக்கம் நடந்த வீட்டில் அந்த வருஷம் பலகாரம் செய்யமாட்டார்கள், சொந்தக்காரர்கள்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். உங்களிலும் அப்படித்தான், எங்களிலும் அப்படித்தான். என் மாமியார் தவறிய வருஷம் தீபாவளிக்கு நீ ஒரு தூக்கு நிறைய முறுக்கும் அதிரசமும் எடுத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்தாய். “இதெல்லாம் சொந்தக்காரங்கதான கொண்டாரணும்?” என்று என் நாத்தனார் உன் காதுபடவே கேட்டாள். நீ காதில் வாங்காமல் தூக்கைச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தாய். உனக்கு அந்தத் தைரியம் இருந்தது. எனக்கு இல்லை.

இருந்தாலும் மனசு கேட்கவில்லை. ரீனாவுக்கு இந்த டிசம்பர் அந்தக் குக்கீ இல்லாமல் போகக்கூடாது என்று தோன்றிவிட்டது. செய்முறையை நீ ஒருமுறை வாய்ஸ் மெசேஜில் அனுப்பியிருந்தாய், நடுநடுவே குக்கர் விசிலோடு. முட்டைக்குப் பதிலாகத் தயிரும் கொஞ்சம் பாலும் சேர்க்கச் சொல்லியிருந்தாய். ஆனால் அது என் டப்பாவுக்கானது. ரீனா சின்ன வயதிலிருந்து தின்றது சிவப்பு டப்பா. அவளுக்கு அவள் அம்மாவின் ருசி வேண்டுமென்றால் முட்டை போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆமாம், நானேதான். சிரிக்காதே.

எங்கள் அப்பார்ட்மென்டுக்குக் கீழே கடை வைத்திருக்கிறாரே மஞ்சப்பா, அவரிடம் இரண்டு முட்டை கேட்டேன். நிமிர்ந்து பார்த்தார். “மொட்டெனா மேடம்? நிமகா?” என்றார், முட்டையா, அதுவும் உங்களுக்கா என்று. தலைமுடிக்குத் தேய்க்க என்று ஏதோ உளறிவைத்தேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மேடைமேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தப் பக்கம் தட்டுவது, எவ்வளவு ஓங்கித் தட்டுவது? என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சத்தம் போடப்போகிறார் என்று நினைத்து, “ஸ்டெல்லா பொண்ணுக்கு” என்றேன். அவர் முட்டையை எடுத்து, கிண்ணத்தின் விளிம்பில் ஒரே தட்டு தட்டி, ஒற்றைக் கையாலேயே பிளந்து ஊற்றினார். ஓடு ஒரு துணுக்குகூட விழவில்லை.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது ஸ்டெல்லா. “இந்தக் கை எங்க பழகுச்சு?” என்று கேட்டேன். “காலேஜ் ஹாஸ்டல்ல, ரூம்ல ஸ்டவ் வெச்சிருந்தோம்” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. “எத்தினி வருஷம்?” “மூணு.” அப்புறம் நான் கேட்காமலேயே இரண்டாவது முட்டையையும் உடைத்துக் கொடுத்தார். இந்த வழக்கு இன்னும் முடியவில்லை, தனியாக விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

முதல் தட்டு வீணாகிவிட்டது. மார்ஷ்மெல்லோவை ஆரம்பத்திலேயே மேலே வைத்துவிட்டேன். அது உருகி வழிந்து தட்டு முழுக்கக் கோந்தாக ஒட்டிக்கொண்டது. உன் மெசேஜை மறுபடி போட்டுக் கேட்டேன். “கடேசி மூணு நிமிசம் இருக்கும்போதுதான் மார்ஷ்மெல்லோ வெக்கணும் சுமி. நீ அவசரக்குடுக்க, மொதல்லயே வெச்சிடுவ” என்று நீயே சொல்லியிருக்கிறாய். சமையலறையில் நின்றபடி அந்த வரியை இன்னும் இரண்டு தடவை போட்டுக் கேட்டேன். பிறகு இரண்டாவது தட்டு நன்றாக வந்தது. வேறு கிண்ணம் எடுத்து எனக்குத் தெரிந்த முட்டையில்லாத மாவையும் பிசைந்து ஒரு தட்டு போட்டேன். அது இல்லாமல் எனக்கு என்ன டிசம்பர்? இரண்டு டப்பாவுக்கும் பொட்டு ஒட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்தேன். மடியில் இரண்டு டப்பாவும் இருந்தன. சிவப்பு மட்டும் போதும்தான், ஆனால் இரண்டையும் சேர்த்தே பார்த்துப் பழகிவிட்டது. உங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கியது, உன் மாடியில் மட்டும் இல்லை. பாதிப் படியில், திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன்.

ரீனாதான் கதவைத் திறந்தாள். இளைத்திருக்கிறாள். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது அப்படியே நீ. அண்ணன் வழக்கம்போல நாற்காலியைத் துடைத்தார். கொஞ்ச நேரம் குளிரைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசினோம். அதுவும் தீர்ந்துபோனதும் சிவப்புப் பொட்டு டப்பாவை ரீனாவிடம் நீட்டினேன். “அம்மா செய்யறதுதாம்மா. சரியா வந்துச்சான்னு தெரியல” என்றேன்.

அவள் ஒன்றை எடுத்துக் கடித்தாள். மென்றாள். முகம் ஒரு மாதிரி ஆனது.

“ஆன்ட்டி, இதுல முட்ட போட்டீங்களா?”

“ஆமாம்மா, ரெண்டு. உங்க டப்பா மாதிரியே.”

“நீங்களா? முட்டையா?” அவள் அப்பாவைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார். பிறகு ரீனா சிரிக்க ஆரம்பித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். மார்ச்சுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

“எங்க டப்பாலயும் முட்ட கெடையாது ஆன்ட்டி. அம்மா எப்பவுமே ஒரே மாவுதான் பெசையும். சுட்டு ஆறுனப்புறம் ரெண்டா பிரிச்சு, ஒண்ணுல பச்ச, ஒண்ணுல செவப்பு. சில வாட்டி நாந்தான் ஒட்டுவேன்.”

“ஏன்?”

“கிண்ணம் ஒண்ணு, ஓவன் ஒண்ணு. முட்ட பட்டதுல செஞ்சத சுமிக்கு எப்பிடிக் குடுக்கறதுன்னு அம்மா சொல்லும்.”

“அப்ப அந்த செவப்புப் பொட்டு எதுக்கு?”

அதற்கு அண்ணன் பதில் சொன்னார். “தெரிஞ்சா நீங்க ஒத்துக்க மாட்டீங்களாம்மா. எனக்காக நீங்கல்லாம் ஏன் அப்பிடி சாப்புடணும்னு கேட்டு, டப்பாவையே வாங்க மாட்டீங்கன்னு சொல்லுவா. ஒரு வருசமாச்சும் முட்ட போட்டு செய்யேன்னு நானும் கேட்டுப் பாத்தேன். எங்க கேட்டா?” சொல்லிக்கொண்டே சிவப்பு டப்பாவிலிருந்து இரண்டாவதை எடுத்தார். “நல்லாத்தான் இருக்குது. மெத்துனு.”

நான் பச்சைப் பொட்டு டப்பாவைத் திறந்து ரீனா பக்கம் தள்ளினேன். அவள் ஒன்றை எடுத்து, கண்ணை மூடி, மெதுவாக மென்றாள். “இதுதான்” என்றாள். இன்னொன்று எடுத்தாள், அப்புறம் இன்னொன்று. நான் நாற்காலியை விட்டு உன் கட்டிலில் போய் உட்கார்ந்தேன். அவளும் டப்பாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அழுதோம். அதிக நேரம் அழவில்லை. விரலெல்லாம் மார்ஷ்மெல்லோ, கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை.

அப்போது கீழே இருந்து உங்கள் வீட்டு ஓனர் கௌரம்மா குரல் கொடுத்தார். “ரீனா, யாரு பந்திரோது?” யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்கிறார். ரீனா எழுந்து மாடிக் கம்பிக்குப் போனாள். வாயில் குக்கீயோடு கன்னடத்தில் பதில் சொன்னாள்.

“நம்ம சிக்கம்மா பந்தித்தாரெ. ஹப்பக்கெ திண்டி தந்தித்தாரெ.”

என் கன்னடம் உனக்குத் தெரியும், காய்கறிக்கும் ஆட்டோவுக்கும் மட்டும் ஓடும். ஆனால் இது புரிந்தது. பண்டிகைக்குப் பலகாரம் கொண்டு வந்திருக்கிறார்கள். யார்? எங்கள் சிக்கம்மா. சித்தி. அம்மாவின் தங்கை.

உள்ளே திரும்பி வந்தவள் “காபி போடட்டா ஆன்ட்டி?” என்று எப்போதும்போலத்தான் கேட்டாள். தான் சொன்னது அவளுக்கு ஞாபகம்கூட இருந்திருக்காது. யோசித்து, எனக்கு நேராகச் சொல்லியிருந்தால் ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருப்பேன். கீழ்வீட்டுக்காரிக்குச் சொன்ன பதில் அது. அதனால் நம்பினேன். போடும்மா என்றேன்.

இனி சண்டைக்கு வருகிறேன். ஏன்டி, அண்ணன் ஆசையாகக் கேட்டதைக்கூட எனக்காகச் செய்யாமல் விட்டாய், அது எனக்குத் தெரியவும் விடவில்லை. ஒரு நன்றி சொல்ல வழி வைத்தாயா? இந்த மாதிரி இன்னும் எத்தனை செய்திருப்பாய், அதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பேன்? டீமில் முட்டை ருசி பேசியவர்களிடம் மட்டும் ஜனவரியில் உண்மையைச் சொல்லப்போகிறேன். அந்த முகங்களை நீ பார்க்க முடியாதே என்பதுதான் வருத்தம்.

மார்ச் வந்தால் துக்க வருஷம் முடிகிறது. அதற்குப்பின் உன் வீட்டில் அவர்களே பலகாரம் செய்யலாம், வெளியிலிருந்து யாரும் கொண்டுவர வேண்டியதில்லை. ஆனாலும் அடுத்த டிசம்பரிலும் நான் அந்தப் படி ஏறுவேன், அதற்கடுத்த டிசம்பரிலும். ரீனா நாளைக்குக் கல்யாணமாகி எந்த ஊருக்குப் போனாலும் அந்த ஊருக்கும் டப்பாவோடு போவேன். அண்ணனுக்கு மட்டும் முட்டை போட்டுத் தனியாக ஒரு தட்டு. உடைத்துக் கொடுக்க என் வீட்டில் ஆள் இருக்கிறது. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நீ எனக்கு நாலு மாதம் மூத்தவள். முறை சரியாகத்தான் இருக்கிறது.

உன் தங்கை,
ரீனாவின் சிக்கம்மா,
சுமதி