மனைவியைத் தனியாகக் கேட்பார்கள்

மார்ச் 4, செவ்வாய்

துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்க இவர் மனுப் போட்டிருக்கிறார். எங்கள் மருந்துக்கடையில் கொள்ளை நடந்த பிறகு வாங்கிய துப்பாக்கி. புதுச் சட்டப்படி போலீஸ் வீட்டுக்கு வந்து, இதில் சம்மதமா என்று மனைவியைத் தனியாகக் கேட்குமாம். கல்யாணத்துக்கே என்னை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

"சும்மா சரின்னு சொல்லிடு" என்றார் இவர், டீயை உறிஞ்சிக்கொண்டே.

மார்ச் 6, வியாழன்

சரி என்று சொல்ல என்ன தடை? போன வாரம் நடந்ததுதான்.

கொள்ளைக்குப் பிறகு எந்தச் சத்தம் கேட்டாலும் இவருக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. அன்று மகள் கல்லூரியிலிருந்து சீக்கிரமே வந்து பின்கதவைத் திறந்தாள். எதிரே இவர், துப்பாக்கியோடு. அவள் நெஞ்சுக்கு நேராக. "அப்பா, நான்தான்பா!" அந்தக் கை உடனே இறங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இவர் அவள் தட்டில் அள்ளி அள்ளி வைத்தார்.

மார்ச் 8, சனி

தம்பி வந்திருந்தான். அவன் இவர் பக்கம். "திருடன் உரிமம் வாங்கிட்டா வர்றான்? சட்டம் போட்டு நம்ம கையத்தான் கட்டுறாங்க அக்கா. மச்சான் கழுத்துல கத்திய வெச்சப்ப எந்தச் சட்டம் வந்துச்சு?"

கத்தி வைத்தது உண்மை. அந்தத் தழும்பைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் துப்பாக்கி வந்த பிறகு அது குறி பார்த்தது ஒரே ஒரு ஆளைத்தான். அதைத் தம்பியிடம் ஏன் சொல்லவில்லை?

மார்ச் 10, திங்கள்

ஒரு வேலையும் ஓடவில்லை. பாலைப் பொங்கவிட்டேன். இரண்டு தடவை.

மார்ச் 11, செவ்வாய்

போலீஸ்காரம்மா வந்தார். இவரைக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். "பயப்படாம சொல்லுங்கம்மா. சம்மதமா?"

வெளியே இவர் செருமுவது கேட்டது. சொல்லிவிட்டேன் — பின்கதவு, மகள், இறங்காத அந்தக் கை, எல்லாம். "எடுத்துட்டுப் போயிடுங்க" என்று அழுதேன்.

எடுத்துக்கொண்டு போய்விட்டார். இவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

பேச்சுவார்த்தை இல்லை. "கட்டினவளே காட்டிக் குடுத்துட்டா" என்று தம்பியிடம் ஃபோனில் சொன்னார். என் காதில் விழட்டும் என்றுதான் அவ்வளவு சத்தமாக.

காட்டிக் கொடுத்தேனா? ஆமாம். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் கடையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாரே, மறுபடி எவனாவது வந்தால்? ஐயோ, அப்ப என்னடி பண்ணுவ?

மார்ச் 16, ஞாயிறு

மதியம் துணி மடித்துக்கொண்டிருந்தேன். இவர் வந்து எதிரே உட்கார்ந்தார். ஒரு சட்டையை எடுத்துக் கோணல்மாணலாக மடித்தார்.

"நீ சொல்லலைன்னா நானே சொல்லியிருப்பேன்."

அடுத்து இவர் எடுத்தது மகளுடைய சட்டை. அதை மடிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இல்ல. சொல்லியிருக்க மாட்டேன்" என்றார்.