தமிழ்ப்ரியா பேரில் நான் கேட்ட கேள்வி

மைசூரு,
ஏப்ரல் 12

அன்புள்ள சௌம்யா கண்ணுவுக்கு அம்மா எழுதுவது. என் முழங்காலை விட்டுவிட்டால் இங்கே நானும் உன் அப்பாவும் சௌக்கியம். அங்கே டொரோண்டோவில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மலை மேல் இருக்கிற சாமுண்டித் தாயைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று நினைப்பாய். போனில் நான் விஷயத்துக்கு வருவதற்குள் உனக்கு வகுப்பு வந்துவிடுகிறது, பசங்க காத்திருக்காங்கம்மா அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது.

அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நஞ்சன்கூடு கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியும் காலை ஐந்தரைக்கே சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார், அக்ரஹாரத்தை இரண்டு சுற்று சுற்றிவிட்டு வழியில் மசால் தோசை சாப்பிட்டுவிட்டு வருகிறார், சாப்பிடவே இல்லை என்று சாதிக்கிறார், சட்டையில் சட்னி இருக்கிறது. நீ கேட்டால்தான் அடங்குவார். மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறேன், யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன். மாடி வீட்டுக்குக் குடிவந்த காவேரியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, அவள் மகள் தமிழ்ப்ரியாவுக்கு ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் கன்னடமும் இங்கிலீஷும், வீட்டிலும் பாதிக் கன்னடம், பேரில் மட்டும்தான் தமிழ் முழுசாக இருக்கிறது. அதனால் நீ சனிக்கிழமைகளில் ஆன்லைனில் குழந்தைகளுக்குத் தமிழில் நடத்துகிற அந்த விண்வெளி வகுப்பில் அதைச் சேர்த்துவிட்டாள். சேர்க்கச் சொன்னதே நான்தான். என் மகள் நடத்துகிறாள் என்று பெருமையடித்து நானே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

ஏனென்றால் காவேரி அதை டிவியில் போட்டுவிடுகிறாள், சாயங்காலம் ஆறரை ஆனால் உன் குரல் மாடியிலிருந்து என் சமையலறைக்கு இறங்கி வருகிறது. பூமி எப்படிச் சுற்றுகிறது, பகல் எப்படி வருகிறது, சனிக்கு வளையம் எதனால் ஆனது என்று ஒரு மணி நேரம் சொல்கிறாய். ஒரு பையன் புளூட்டோவை ஏன் கிரகங்களோடு சேர்க்கவில்லை என்று மூன்று தடவை கேட்டான், மூன்று தடவையும் சிரித்துக்கொண்டே சொன்னாய். முழங்கால் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று நான் இரண்டாவது தடவை கேட்டதற்கு, போன வாரம்தானேம்மா சொன்னேன் என்று சுள்ளென்று விழுந்தாய். எனக்குப் பொறாமையாக இருக்கிறது சௌம்யா. வேறு சொல் போட்டு மூடத் தெரியவில்லை. அந்தக் குழந்தை படியிறங்கி ஓடி வந்து, சௌம்யா அக்கா என்னைக் கண்ணான்னு கூப்பிட்டாங்க என்று சொன்னபோது வாயால் சிரித்தேன், வயிறு எரிந்தது. அன்றைக்கு அதற்கு முறுக்குக்கூடக் கொடுக்கவில்லை, டப்பா நிறைய வைத்துக்கொண்டு தீர்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா பார்த்துவிட்டு, ஏ பழனாத்தா, ஏழு வயசுக் கொழந்தையோட மல்லுக்கு நிக்கறயே, நல்லாவா இருக்குது என்றார். நல்லா இல்லைதான். ஆனால் அவருக்கு என்ன, தோசை கிடைத்தால் போதும்.

போன செப்டம்பரில் உன் பால்கனியிலிருந்து பிறைநிலாவைப் படம் பிடித்து அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா. நம் மொட்டைமாடியிலிருந்து நான் பார்க்கிற பிறை தொட்டில் மாதிரி மல்லாந்து கிடக்கும், உன் படத்தில் அது எழுந்து நின்றுகொண்டிருந்தது. நிலா ஒன்றுதானே, அங்கே மட்டும் ஏன் நிற்கிறது என்று கேட்டேன். அப்புறம் சொல்றேம்மா என்றாய். ஏழு மாதம் ஆகிவிட்டது, ஒவ்வொரு பிறைக்கும் இந்த முழங்காலோடு மாடியேறிப் பார்த்துவிட்டு இறங்குகிறேன், நீ சொல்லவே இல்லை.

போன சனிக்கிழமை காவேரி வீட்டார் எல்லாரும் நஞ்சன்கூடு கோயிலில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டார்கள். ஆறரைக்கு மாடியில் சத்தமே இல்லை, எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உன் வகுப்புக்கான லிங்க்கை அவள் எப்போதோ எனக்கும் அனுப்பியிருந்தாள், எடுத்து அழுத்தினேன். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மட்டும் என்று போட்டு, பெயர் என்ன என்று கேட்டது. தமிழ்ப்ரியா என்று அடித்தேன். ஐம்பத்தெட்டு வயதில் பொய்ப் பெயரில் பள்ளிக்கூடம் போனவள் உன் அம்மாவாகத்தான் இருப்பாள். முகம் தெரியாதபடி கேமராவை அணைத்துவிட்டு, கேள்வி இருந்தால் எழுதுங்கள் என்று நீ சொன்னதும் அந்த நிலாக் கேள்வியை ஒற்றை விரலால் தட்டி அனுப்பினேன். அதைப் படித்ததும் உன் முகம் மலர்ந்ததே, அந்த முகத்தை நான் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது. தமிழ்ப்ரியா கண்ணா, இதை நீயாவே பாத்தியா, எவ்ளோ கவனமாப் பாத்திருக்கே என்று கொஞ்சினாய். மேஜை விளக்கைச் சூரியனாக வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தை நிலாவாகத் திருப்பித் திருப்பிக் காட்டினாய். நிலாவின் வெளிச்சப் பக்கம் எப்போதும் சூரியனைப் பார்த்தபடிதான் இருக்கும், நம் ஊர்ப் பக்கம் சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே இறங்குவதால் பிறை படுத்தாற்போலத் தெரிகிறது, வடக்கே தள்ளிப் போனால் சூரியன் சாய்வாக இறங்குகிறது, பிறையும் நிமிர்ந்து நிற்கிறது என்றாய். பதினோரு நிமிடம் சொன்னாய், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். எனக்கு நன்றாகப் புரிந்தது. நான் பூண்டிருந்த பேர் மீதே எனக்குப் பொறாமை வந்தது, இப்படியும் உண்டா சொல்.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடுதாசியே இல்லை. செவ்வாய்க்கிழமை காவேரி போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். இந்த மாதத்தின் சிறந்த கேள்வி என்று தமிழ்ப்ரியா பேரில் நீ சான்றிதழ் அனுப்பியிருக்கிறாய். குழந்தை பாவம், நான் கேக்கவே இல்ல, யாரு கேட்டாங்களோ கொத்தில்ல என்று பாதிக் கன்னடத்தில் தெரியாது தெரியாது என்கிறது. மறந்திருப்பே போடி என்று காவேரி அதை அச்சுப் போட்டுக் கதவில் ஒட்டிவிட்டாள். துணி காயப்போடப் போகும்போதெல்லாம் என் கேள்வி இன்னொருத்தி பேரில் என்னைப் பார்க்கிறது. நேற்று பொறுக்க முடியாமல் கிழிக்கவே கையை வைத்துவிட்டேன். குழந்தை கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றது. வேறு வழியில்லாமல், கேட்டது நான்தான் என்று சொல்லிவிட்டேன். அது கோபித்துக்கொள்ளவில்லை. என் முகத்தையே பார்த்துவிட்டு, அக்கா உங்க மகதானே, நீங்க கேட்டா வீட்லயே சொல்லித் தர மாட்டாங்களா என்றது. முறுக்கு டப்பாவைக் கொண்டுபோய் முழுசாக அதன் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

சான்றிதழ் குழந்தைக்கே இருக்கட்டும், பேரை மாற்றி அனுப்பிக் காவேரியைச் சங்கடப்படுத்தாதே. நீ நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறாய் கண்ணு, அந்தப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள், எரிச்சலோடுதான் சொல்கிறேன் என்றாலும் மனசாரச் சொல்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடும் குறையில்லாமலும் இருக்க என் ஆசீர்வாதம். அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. ஞாயிற்றுக்கிழமை போன் போடு, அந்த விளக்கையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, அம்மா என்று கூப்பிட்டு, நிலா ஏன் அங்கே நிற்கிறது என்று முதலிலிருந்து சொல்லு. புரிந்தாலும் புரியவில்லை என்றுதான் சொல்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பழனாத்தாள்