நான் எடுக்காத விரதம்

22 ஜூன் 2025, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஜெஸ்ஸி மகனுக்குப் பிறந்தநாள். கேக்கில் முட்டை, பிரியாணியில் கோழி, வெங்காயப் பச்சடியில் தயிர். வெள்ளரித் துண்டைக் கடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். ஏன் சாப்பிடவில்லை என்று ஏழு பேர் கேட்டார்கள். ஏழு பேரிடமும் வயிறு சரியில்லை என்றேன். கடைசியில் ஜெஸ்ஸி ஓமத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். வேறென்ன செய்ய.

மீன், கறி, முட்டை, பால், நெய் எதுவும் வேண்டாம் என்று வீட்டில் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. வீகன் என்று சொன்னபோது அம்மா கேட்டது: "அது இன்னா நோவு?"

24 ஜூன்

அம்பிகா அக்காவுக்கு ஏரித் தீவான பசியாவரத்திலிருந்து இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை பெயர் கவியரசன். ஏற்கெனவே இரண்டு இடம் கூடிவந்து கலைந்துபோனது. இந்த முறை அக்கா போட்டோவைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள்.

ஞாயிறு நாங்கள் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிறோம். அங்கே கை நனைத்தால், அதாவது உட்கார்ந்து சாப்பிட்டால், சம்மதம். ஒருவர் சாப்பிடாமல் எழுந்தாலும் பேச்சு வரும். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

29 ஜூன்

மாப்பிள்ளை வீட்டில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இலையில் இறால் தொக்கு, நண்டு, மடவை மீன் குழம்பு. கத்தரிக்காயிலும் கருவாடு. வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா லோகாம்பாள் என் இலைக்கு முன்னால் வந்து நின்றார். "இன்னாம்மா, எங்கூட்டுச் சாப்பாடு எறங்கலியா?" பந்தி முழுக்க என் இலையைப் பார்த்தது. நான் வாய் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்: "அவ விரதம் சம்பந்தி. அக்கா கல்யாணம் நல்லபடியா முடியணும்னு அம்மனுக்கு வேண்டிக்கினு கீறா."

லோகாம்பாள் அத்தையின் கண் கலங்கிவிட்டது. "இந்தக் காலத்துல எந்தத் தங்கச்சி இப்டி செய்றா?" விரதக்காரி பட்டினி கிடக்கலாமா என்று ஒரு தம்ளர் பால் காய்ச்சிக் கொண்டுவந்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குடித்துவிட்டேன். முழுசும்.

அதோடு விட்டாரா? "கல்யாணத்துக்கு மறுநா மீன் விருந்துல எங்கையால நானே ஊட்டி இவ விரதத்த முடிச்சு வெக்கறேன்" என்றார். சபையில் சொன்ன வார்த்தை.

திரும்பும்போது படகில் அம்மாவிடம் சண்டை. "வேற இன்னா சொல்லச் சொல்ற? எம்பொண்ணு மூஞ்சத் திருப்பிக்கினானு சொல்லவா?" நைனா என்ஜினைப் பார்த்தபடி, "வேணாம்னா வேணாம்னு சொல்ட்டுப் போறது. சாமிய ஏன் இழுக்கறீங்க" என்றார். அவர் போட்ட வலையில்தான் நான் டிகிரி வரை படித்தேன். ஒன்றரை வருடத்தில் அவர் ஒரு தடவைகூட ஏன் என்று கேட்டதில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறுத்துகிறது.

16 ஜூலை

அத்தை ஊருக்கே சொல்லிவிட்டார் போல. பஸ்ஸில் யாரோ ஒரு அம்மா என் கையைப் பிடித்து, தன் மகளுக்கும் சேர்த்து வேண்டிக்கொள்ளச் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். எனக்கென்ன பைத்தியமா?

27 ஜூலை

அத்தை போன் செய்தார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று எழுதிவைத்துப் படித்துப் பார்த்திருந்தேன். "விரதம் எப்டிப் போவுதும்மா?" என்றார். "நல்லா போவுது அத்த" என்றேன். நல்லா போவுதாம்.

9 ஆகஸ்ட்

இன்றும் சொல்லவில்லை.

30 ஆகஸ்ட்

நாளைக் காலை முகூர்த்தம். அக்கா மருதாணிக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஒரு வாய்தானே ஹேமா. எனக்காக. வாய்ல வாங்கிக்கினு அப்பால துப்பினாக்கூட யாரு பாக்கப்போறா?"

பாலை எதற்காகக் குடித்தேன்? இவளுக்காகத்தான். குடித்ததால்தானே இப்போது மீன் வருகிறது. மீனைத் தின்றால் அடுத்து என்ன வரும்? அவள் கையில் மருதாணியை ஊதிவிட்டேன்.

1 செப்டம்பர்

சொல்லிவிட்டேன்.

மீன் விருந்துப் பந்தியில் மடவையை எடுத்து அத்தை விரலாலேயே முள் பார்த்தார். ஒவ்வொரு முள்ளாக, குழந்தைக்குப் பார்ப்பதுபோல. அதைப் பார்த்தபோது வாயைத் திறந்துவிடலாம் என்றே தோன்றியது. நாலைந்து செல்போன் எங்கள் பக்கம் திரும்பியிருந்தது. அத்தையின் கை என் உதடு வரை வந்துவிட்டது.

"அத்த, எனக்கு விரதம்லாம் இல்ல. நான் மீன் சாப்டறதே இல்ல. பாலும் இல்ல. அன்னிக்குக் குடிச்சது உங்களுக்குப் பயந்துகினு."

என் குரல்தானா அது?

கை அப்படியே நின்றது. அப்புறம் அந்தக் கவளத்தைத் தன் இலையிலேயே வைத்தார். "சாப்டாட்டி போ. அம்மன் பேர்ல பொய் சொன்னீங்களே, அதுக்கு இன்னா பதில்?" என்று அம்மாவைப் பார்த்துக் கேட்டார். அக்கா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத மாட்டேன்.

3 செப்டம்பர்

அம்மா பேசவில்லை. அக்கா போனை எடுக்கவில்லை. ஒரு வாய். ஒரே ஒரு வாய். தின்றிருக்கலாமோ?

10 செப்டம்பர்

அக்கா போன் செய்தாள். பத்து நாளில் முதல் தடவை. "ஞாயித்துக்கெழம அத்த உன்ன மட்டும் வரச் சொல்றாங்க." எதுக்கு என்றேன். "எனக்கின்னா தெரியும். அம்மன் கோயில்ல மன்னிப்புத் தேங்கா ஒடச்சிட்டு வந்தாங்க. ஒம்பேர்லயும் அம்மா பேர்லயும்தான்" என்று வைத்துவிட்டாள்.

14 செப்டம்பர், ஞாயிறு

போனேன். அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். என் பையை வாங்கிக்கொண்டாள்.

அடுப்படியில் மீன் சட்டிகளுக்குத் தள்ளி, செங்கல் மேல் தனியாக ஒரு புதுச் சட்டி. "அத யாரும் தொடாதீங்க" என்று அத்தை கவியரசன் மாமாவை விரட்டிக்கொண்டிருந்தார். அதில் முருங்கைக்காய்க் குழம்பு. நெய் இல்லை, கருவாடு இல்லை. தாளித்த கரண்டிகூடப் புதுசு என்று அக்கா காதில் சொன்னாள். அதுதான் இன்று அவள் பேசிய முதல் வார்த்தை.

என் இலையில் சோறும் குழம்பும் போட்டுவிட்டு, தன் மடவை இலையோடு அத்தை எனக்கு எதிரே உட்கார்ந்தார். நான் இரண்டு கவளம் சாப்பிடும்வரை அவர் தொடவில்லை.

"எப்டிக்கீது? இந்தத் தபாவாச்சும் உள்ளதச் சொல்லு."

அக்கா கையைப் பிசைந்தாள்.

"உப்பு ஜாஸ்தி அத்த."

அத்தை எட்டி என் குழம்பில் விரலைத் தொட்டு நக்கிப் பார்த்தார்.

"ஆமா, ஜாஸ்திதான்" என்றார். "அம்பிகா, இன்னும் கொஞ்சம் சோறு போடு."